கொட்டாஞ்சேனையில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கும் வலி

மற்றவர்கள் கனவில் பறப்பார்களாம். நான் கனவில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் கனவு. ஒரு கதிரை இருக்கும், அதில் நான் சாய்ந்திருப்பேன், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சில நாட்களில் கதிரை எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயில் முற்றத்தில் கிடக்கும். சில நாட்களில் துறைமுகத்துத் தண்ணீர் மேல் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும், பெரிய கப்பல்கள் சத்தமில்லாமல் என்னைச் சுற்றிக்கொண்டு போகும். விழித்ததும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பிறகு எழும்பி, நின்றபடியே தேத்தண்ணி குடிப்பேன்.

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் ரைப்பிஸ்டாக இருந்தவள் நான். உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவளுக்கு உட்காருவதையே கடவுள் பிடுங்கிக்கொண்டார் என்று என் கணவர் ஜோர்ஜ் பகிடி விடுவார். முதலில் இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற ஒன்று பிதுங்கி நரம்பை நசுக்கியது. ஆபரேஷன் செய்து அதை வெட்டி எடுத்தார்கள். சில மாதம் சுகம். அதன் பிறகு வலி திரும்பி வந்தது, வந்ததும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வெட்டிய இடத்தில் வளர்ந்த தழும்பு நரம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இன்னொரு முறை வெட்டினால் இன்னொரு தழும்பு வரும் என்றார்கள். படுத்தால் பரவாயில்லை. நின்றால் சமாளிக்கலாம். உட்கார்ந்தால் மட்டும், அடுப்பில் வைத்த இரும்பை யாரோ தொடைக்குப் பின்னால் மெதுவாக இழுப்பது போலிருக்கும்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஆறு பிரம்புக் கதிரைகள் இருந்தன. கல்யாணம் முடித்த வருசம் வாங்கியவை, வீட்டில் வேறு கதிரை கிடையாது. நான் நின்று சாப்பிடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஜோர்ஜ் அவற்றை ஒரு ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார். பிரம்பு பிய்ந்துவிட்டது, பின்னக் கொடுத்திருக்கிறேன் என்றார். பிரம்பு பிய்ந்திருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றிலிருந்து அவரும் குசினி மேடையில் தட்டை வைத்து, என் பக்கத்தில் நின்றே சாப்பிட்டார். நின்று சாப்பிட்டால் சமிபாடு நல்லதாம், எங்கேயோ பேப்பரில் வாசித்தாராம். அந்தப் பேப்பரை நான் இன்னும் காணவில்லை.

நாள்பட்ட வலிக்கென்று தனியாக ஒரு டொக்டர் இருக்கிறார் என்று யாரோ சொல்லித்தான் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காத்திருக்கும் கூடத்தில் வரிசையாகக் கதிரைகள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு சிங்கள அம்மா எழும்பி, "வாடிவென்ன நோனா" என்று தன் இடத்தைக் காட்டினார். வேண்டாம் என்றேன். இன்னொருவர் எழும்பினார். அவருக்கும் வேண்டாம் என்றேன். மூன்றாமவர் எழும்பும்போது கூடத்தில் பாதிப் பேர் என்னைத் தலைக்கனம் பிடித்தவளாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்குக் கதிரை மீது கோபமில்லை, கதிரைக்குத்தான் என் மீது கோபம் என்று சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் ஒரு நடுவயதுப் பெண். ஆங்கிலத்தில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பார், நடுவில் எனக்காக இரண்டு தமிழ்ச் சொல்லையும் தேடிப் போடுவார். முதுகுப் பக்கமாக வரைந்த ஒரு மனித உருவத்தைத் தந்து வலியைக் காட்டச் சொன்னார். பென்சிலால் காட்ட எனக்கு வரவில்லை. எங்கள் ஊர் பஸ் பாதையை வைத்து வாயால் சொன்னேன். இடுப்பின் இடப்பக்கம் கொட்டாஞ்சேனை, அங்கேதான் ஏறுகிறது. புட்டத்தில் கோட்டை, அங்கே கொஞ்சம் நின்று ஆள் ஏற்றும். பிறகு தொடைக்குப் பின்னால், காலி ஊருக்குப் போகும் காலி வீதி, நேரே கீழே வரும். கெண்டைக்கால் வெள்ளவத்தை, அங்கே இறங்கும். டொக்டர் பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தார். கிருலப்பனையில் வலிப்பதில்லையா, என் வீடு அங்கேதான் என்றார். இல்லை, உங்கள் ஊர் கடலை விட்டுத் தள்ளி வலது காலில் இருக்கிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை, தப்பித்தது என்றேன்.

அன்றைக்கு அவர் மூன்று வழிகளை மேசையில் பரப்பினார். ஒன்று, இப்போது விழுங்கும் குளிசைகளோடும் நின்றபடி சாப்பிடும் வாழ்க்கையோடும் அப்படியே இருப்பது.

இரண்டாவது, மருந்துப் பம்ப். வட்டச் சவர்க்காரக் கட்டி போன்ற ஒரு உலோகப் பெட்டியை வயிற்றுத் தோலுக்குக் கீழே வைப்பார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் முள்ளந்தண்டைச் சுற்றியிருக்கும் நீருக்குள் போகும். வாயால் விழுங்கும் மருந்தில் ஒரு துளி அளவே போதும், நேரே சேரவேண்டிய இடத்தில் சேரும். சில மாதங்களுக்கு ஒருமுறை தோலுக்கு மேலால் ஊசி குத்தி நிரப்ப வேண்டும். நிரப்பத் தவறக்கூடாது. மருந்து திடீரென்று நின்றுபோனால் உடம்பு அதைத் தாங்காது.

மூன்றாவது, மின்சாரம். முள்ளந்தண்டுக்குள் நரம்புத் தண்டின் பின்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதாம். அதற்குள் நூல் போன்ற இரண்டு வயரை ஏற்றி, இடுப்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு பற்றரியை வைப்பார்கள். வயர் நரம்பைத் தட்டிக்கொண்டே இருக்கும், அந்தத் தட்டலில் வலிச் செய்தி மூளைக்குப் போகிற வழியில் மங்கிப்போகும். பற்றரியிலும் இரண்டு வகை. ஒன்றைக் கிழமைக்கு ஒருமுறை சார்ஜ் பண்ண வேண்டும், நீண்ட காலம் உழைக்கும். மற்றதற்குச் சார்ஜ் வேண்டாம், சில வருசத்தில் தீர்ந்துவிடும், திரும்பவும் வெட்டி மாற்ற வேண்டும்.

இதில் ஒரு நல்ல விசயம் இருந்தது. வயரை மட்டும் ஒரு கிழமைக்கு, ஏழு நாள், வைத்து, பெட்டியை வெளியே இடுப்பில் கட்டிக்கொண்டு பார்க்கலாம். வலி அரைவாசியாவது குறைந்தால் உள்ளே வைப்பார்கள். குறையாவிட்டால் வயரை இழுத்து எடுத்துவிடுவார்கள், இந்த வழி எனக்கு மூடிவிடும். விலையைச் சொன்னபோது ஜோர்ஜ் காது கேட்காதவர் மாதிரி இன்னொருமுறை கேட்டார். டொக்டர் இன்னொருமுறை சொன்னார். முழுச் செலவுக்கும் வேலை செய்த காலத்தில் சேர்ந்த என் சேமலாப நிதியில் கை வைக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. அதனால்தான் அந்த ஒரு கிழமை எனக்கு அவ்வளவு பெரிய கிழமையாக இருந்தது.

பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். செத்துப்போவேன் என்றல்ல. அரைவாசி என்ற அந்தச் சொல்லுக்குப் பயந்தேன். சீனியை அரைவாசியாகப் போடலாம், பாண் துண்டை அரைவாசியாக வெட்டலாம். வலியை எப்படி அரைவாசி என்று கண்டுபிடிப்பது? நான் பிழையாகச் சொல்லிவிட்டால்?

வயர் வைக்கும் நாளில் என்னைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். முழு மயக்கம் தர மாட்டார்கள், ஏனென்றால் நான்தான் வழி சொல்ல வேண்டும். நாளத்தில் ஏதோ ஏற்றினார்கள், உலகம் பஞ்சு போல ஆனது. குளிர்ந்த அறை, பச்சைத் துணி, எங்கேயோ எக்ஸ்றே மெஷினின் முனகல். முதுகில் ஒரு ஊசி குத்தியது, அதன் பிறகு அழுத்தம் மட்டும். கருவியை விற்கும் கம்பனியிலிருந்து வந்த இம்தியாஸ் என்ற இஞ்சினியர் தலைமாட்டில் ஒரு திரையோடு நின்றார். தெமட்டகொடையில் வீடு, இரண்டு பிள்ளைகளின் வாப்பா. கரண்ட்டை அங்கும் இங்கும் நகர்த்துவது அவருடைய வேலை.

"ஆண்ட்டி, இப்ப எங்க ஈக்கி?" என்று கேட்டார்.

கால் விறைத்துப் போய்த் திரும்ப உயிர் வருமே, அந்தக் கிறுகிறுப்பு. ஆனால் அது இடுப்பில் இல்லை, நடுமுதுகில் ஓடியது. அரைத் தூக்கத்தில் என் வாய் தானாகச் சொன்னது: "மட்டக்குளியிலை."

டொக்டரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சிங்களத்தில் இம்தியாசுக்கு என் வலி ஓடும் பாதையை விளக்கினார். கொழும்பில் பிறந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையாக இருக்கவில்லை. மட்டக்குளியென்றால் வயர் அதிகம் மேலே போய்விட்டது, கீழே எடுக்க வேண்டும். எடுத்தார்கள். இப்போது கிராண்ட்பாஸ் என்றேன், அதாவது வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. "கடல் பக்கம் எடுப்பம் டொக்டர்" என்றார் இம்தியாஸ்.

எடுத்தார்கள். கண்ணை மூடியபடி நான் என் முதுகின் மேல் பறந்துகொண்டிருந்தேன். கீழே ஊர் முழுவதும் விளக்கு எரிந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வெளிச்சம் ஏறியது. கோட்டையில் நின்றது. காலி வீதி வழியாக, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று, வலி போகும் அதே பாதையில், வலிக்குப் பதிலாகக் கடல் நுரை போல ஏதோ ஒன்று இறங்கி வந்தது. கெண்டைக்காலைத் தொட்டபோது எனக்கு அழுகை வந்தது. பச்சைத் துணிக்குள் முகம் இருந்ததால் ஒருவரும் காணவில்லை.

"வந்திட்டுது" என்றேன்.

டொக்டர் பஸ் கொண்டக்டர் மாதிரிக் குரலை உயர்த்தி, "வெள்ளவத்த பஹினவாத?" என்று, வெள்ளவத்தையில் இறக்கமா எனச் சிங்களத்தில் கேட்டார். அந்த அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். இறங்கவில்லை, இப்படியே போகட்டும் என்று சொல்ல நினைத்தேன், நாக்கு எழும்பவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். குனியக்கூடாது, திரும்பித் திருகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கட்டு நனையக்கூடாது. மற்றப்படி வழமைபோல இருக்க வேண்டும். வழமைபோல இருந்தால்தான் வேலை செய்கிறதா என்று தெரியும்.

வழமைபோல! எங்கள் ஆட்களிடம் சொல்கிற கதையா அது? உடம்புக்குள்ளிருந்து வயர் வெளியே வருகிற மனுசியை எந்தத் தமிழ் வீட்டில் நடமாட விடுவார்கள்? நான் வீட்டு வாசலில் கால் வைக்கும் முன்பே வெள்ளவத்தையிலிருந்து என் மார்கிரட் அக்கா ஒரு சட்டி சூப்போடு வந்து குந்திவிட்டார். கட்டிலில் புது விரிப்பு. தலைமாட்டில் செபமாலை. ஜன்னலில் திரை. ஜோர்ஜ் எனக்குத் தண்ணீர்க் கிளாசைக்கூடத் தூக்க விடவில்லை.

"நீ சும்மா படு பிள்ளை, வயர் போட்ட உடம்பு" என்றார் அக்கா.

நானும் படுத்தேன். உண்மையைச் சொன்னால் அது இன்பமாக இருந்தது. இடுப்பில் சின்னப் பெட்டி, கையில் ரிமோட். கூட்டினால் காலுக்குள் நுரை பொங்கும், குறைத்தால் வடியும். திரைக்கு அப்பால் வெயில் மஞ்சளாக நகரும், துறைமுகத்தில் கப்பல் ஊதும், கோயில் மணி அடிக்கும், நான் எது நித்திரை எது விழிப்பு என்று தெரியாமல் மிதந்துகொண்டிருப்பேன். பக்கத்து வீட்டார் முந்திரிப்பழத்தோடு வந்து பார்த்தார்கள். உட்காரக் கதிரை இல்லாதபடியால் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள், கண்ணை மூடினால் என்னையே அடக்கம் பண்ணப் போகிறார்களோ என்று தோன்றும். வலி எப்படி என்று கேட்டால், இல்லவே இல்லை என்பேன். ஜோர்ஜின் முகம் மலரும். அக்கா அந்தோனியாருக்கு இன்னொரு மெழுகுதிரி நேர்வார்.

இம்தியாஸ் தினமும் தொலைபேசியில் விசாரிப்பார். கிழமை முடியப்போகிற நேரத்தில் வழமைபோல வலிக்குப் பத்துக்குள் ஒரு நம்பர் கேட்டார். பூச்சியம் என்றேன் பெருமையாக.

"மாஷா அல்லா. எவ்வளவு நேரம் இருந்து பாத்தீங்க ஆண்ட்டி?"

உட்காரவே இல்லை. ஒருமுறைகூட இல்லை. அவர் மெதுவாகச் சொன்னார், எனக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பார்: "படுத்து ஈந்தா எப்பிடி ஆண்ட்டி வெளங்கும்? படுக்கக்குள்ள உங்களுக்கு எப்பவும் நோகாதே."

வெட்கமாகப் போய்விட்டது. அத்தனை பூச்சியங்களும் வெறும் பூச்சியங்கள். நாளை மறுநாள் வயரை எடுத்துவிடுவார்கள். என் கையில் ஒரேயொரு நாள் இருந்தது. வீட்டில் ஒரு கதிரை இருக்கவில்லை. இருந்தாலும் அந்த இரண்டு பேரும் என்னை அதில் இருக்க விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்பாக இருக்கிறவர்களோடு சண்டை பிடிப்பதுதான் உலகத்தில் மிகக் கஷ்டமான வேலை.

அடுத்த நாள் காலையில் அக்கா பூசைக்குப் போனார். ஜோர்ஜ் மீன் வாங்கப் போனார். நான் தளர்ந்த கவுண் ஒன்றைப் போட்டு, பெட்டியை இடுப்போடு சரியாகக் கட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். கள்ளத்தனமாகப் படத்துக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடந்தேன். மட்டக்குளியிலிருந்து வந்த பஸ் நின்றது. ஏறினேன். ஒரு பெண் எழும்பி இடம் தந்தாள். இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை.

உட்கார்ந்தேன்.

பஸ் குலுங்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இரும்பு வரும், இதோ வரும் என்று. வந்தது. ஆனால் வழக்கமாக வரும் இரும்பு அல்ல. ரிமோட்டில் ஒரு படி கூட்டினேன், நுரை எழுந்தது, இரும்பு நுரைக்குள் அமிழ்ந்தது, நான் நீளமாக மூச்சு விட்டேன். கோட்டையில் இறங்கி வெள்ளவத்தை பஸ்ஸில் மாறினேன், அங்கேயும் உட்கார்ந்தேன். ஜன்னலோரம். காலி வீதிக் கடைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பம்பலப்பிட்டி கடந்தபோது, குறுக்குத் தெருக்களின் முடிவில் கடல் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. வலி என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் இத்தனை வருசமும் என் மடியில் இருந்தது, அன்றைக்குப் பக்கத்து சீட்டுக்கு மாறியிருந்தது. அதற்கும் ஒரு சீட் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளவத்தையில் இறங்கி மெதுவாகக் கடற்கரைக்கு நடந்தேன். ரெயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு சீமெந்து வாங்கு கிடந்தது. அதிலும் உட்கார்ந்தேன். ரெயில் ஒன்று சனத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது. அது போனதும் கடல் திரும்பவும் முழுதாகத் தெரிந்தது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணுக்குள் நீந்தியது. இது கனவோ என்று எனக்கு உண்மையாகவே சந்தேகம் வந்தது. கனவில் வரும் கதிரை நோகாது. இது நொந்தது. அப்படியென்றால் கனவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

கைப்பைக்குள் தொலைபேசி அழுதுகொண்டிருந்தது. எடுத்து இடத்தைச் சொன்னேன். ஜோர்ஜ் ஓட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது அவர் சேர்ட்டின் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. என்னைக் கண்டதும் முகத்தில் வந்த ஆறுதல் உடனே கோபமாக மாறியது.

"உமக்கு விசரோ? வயரோடை இஞ்சை எதுக்கு வந்தனீர்?"

"இருந்துகொண்டு வந்தனான்" என்றேன்.

"என்ன?"

"கொட்டாஞ்சேனையிலை ஏறினதிலையிருந்து இருந்துகொண்டுதான் வந்தனான். இப்பவும் இருக்கிறன். பாருங்கோ."

அவர் பார்த்தார். நான் வாங்கில் சாய்ந்திருந்ததை அப்போதுதான் கண்டார் போலிருக்கிறது. கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் அசைந்தது. பக்கத்தில் வந்து இருங்கோவன் என்றேன். வேண்டாம், நின்று பழகிவிட்டது என்றார். நின்றபடியே என் தலையில் வெயில் படாமல் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் டொக்டரிடம் நடந்ததையெல்லாம் ஒப்புவித்தேன். பூச்சியங்களை அழிக்கச் சொன்னேன். பஸ்ஸில் எத்தனை நம்பர் என்று கேட்டார். நம்பர் தெரியாது, பக்கத்து சீட்டில் இருந்தது என்றேன். அவர், அது அரைவாசிதான் என்று சொல்லி எழுதிக்கொண்டார். வயரை எடுத்தது பெரிய விசயமே இல்லை, பிளாஸ்டரைக் கழற்றி இழுத்தார், நூல் மாதிரி வந்துவிட்டது. அன்று பின்னேரம் நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். சும்மா பார்ப்போமென்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இரும்பு ஏறியது, தன் பழைய மடியில் பழைய உரிமையோடு உட்கார்ந்தது. அந்த நேரம் நான் அழுத அழுகை அந்த வருசங்களில் ஒருநாளும் அழாத அழுகை. அரைவாசி என்றால் எவ்வளவு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு குசினி மேடையில் தட்டுகளை வைத்துக்கொண்டு, நின்றபடியே, நாங்கள் பல நாள் வாதாடினோம். ஒன்றும் வேண்டாம், அந்தோனியார் பார்த்துக்கொள்வார் என்றார் அக்கா. பம்ப் நல்லது, வயரும் கரண்டும் பயம் என்றார் ஜோர்ஜ். மருந்துத் தட்டுப்பாட்டில் குளிசை வாங்க ஃபார்மசி ஃபார்மசியாக அலைந்த நாட்களை நான் மறக்கவில்லை. கப்பலில் வரும் ஒரு மருந்துப் போத்தலை நம்பி என் முதுகை ஒப்படைக்க எனக்கு மனமில்லை, அந்தக் கப்பல்களுக்குக் கடிதம் ரைப் பண்ணியவள் நான். சரி, அப்படியென்றால் சார்ஜ் பண்ணத் தேவையில்லாத பற்றரியைப் போடுவோம் என்றார் ஜோர்ஜ். மின்வெட்டுக் காலத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் சோறு சமைத்த வீடு இது, கரண்ட்டை நம்பலாமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பற்றரி தீர்ந்தால் திரும்ப வெட்ட வேண்டும். அன்றைக்கு எனக்கு எத்தனை வயது, அவருக்கு எத்தனை வயது, ஓட்டோ பிடித்து வர யார் இருப்பார்கள்? அதை நான் கேட்டபோது அவர் கறியைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, சார்ஜ் பண்ணுகிறதே நல்லது, மின்வெட்டு வந்தாலும் முழு நாளுமா வெட்டப் போகிறார்கள் என்றார்.

கிறுகிறுப்பே தெரியாத புது வகை ஒன்றும் இருக்கிறது, வலி மட்டும் குறையும் என்றார் இம்தியாஸ். வேண்டாம் என்றேன். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுக் கேட்டே காலம் கழித்த ஊர்க்காரி நான். இருக்கிறது என்று காலுக்குள் தெரிய வேண்டும்.

உள்ளே வைத்தது சில கிழமை கழித்து. இடப்பக்கம் தோலுக்குக் கீழே தீப்பெட்டி போல ஒரு மேடு. முதல் நாட்கள் தையல் நொந்தது, வயர் நகர்ந்துவிடுமோ என்று தும்மக்கூடப் பயந்தேன். சோதனை வாசல்களில் காட்டுவதற்கு ஒரு அட்டை தந்தார்கள். இடி மின்னலுக்கு ஒன்றும் செய்யாதா என்று அக்கா ஆஸ்பத்திரிக்கே கேட்டு உறுதிப்படுத்தினார்.

கட்டுப் பிரித்த மறுநாள், பிரம்பு பின்னி முடிந்துவிட்டதாம் என்று ஜோர்ஜ் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். ஓட்டோ இரண்டு தடவை வந்து போனது. ஆறு கதிரையும் வந்து சேர்ந்தன. கோயில் மண்டபத்துக் கதிரைகளுக்குப் போடும் வெள்ளைப் பெயின்ற் இலக்கம் ஒவ்வொன்றின் முதுகிலும் இருந்தது. பிரம்பு போனபோது இருந்ததைவிட மோசமாக நைந்திருந்தது. நன்றாகப் பின்னியிருக்கிறார்கள் என்றேன். ஓம், கெட்டிக்காரர்கள் என்றார்.

சார்ஜ் பண்ணுவது ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து வந்த பிறகு. அது ஜோர்ஜின் பொறுப்பு. வட்டமான தட்டு ஒன்றை என் இடுப்பு மேட்டின் மேல் பெல்ட்டால் கட்டி விடுவார், அது நகராமல் இருக்க நான் கதிரையில் சாய்ந்து, அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பதே வைத்தியம். முதல் ஞாயிறு மேசையில் சோறும் மீன் குழம்பும் வைத்தாயிற்று. ஜோர்ஜ் பெல்ட்டைச் சரிபார்த்தார், ரிமோட்டைப் பார்த்தார், ஏறுகிறது என்றார். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு குசினி மேடைக்குப் போய், அங்கே நின்று பிசையத் தொடங்கினார்.

"இஞ்சை வந்து இருங்கோ" என்றேன்.

அவர் கையில் தட்டோடு திரும்பிப் பார்த்தார், ஏதோ புது ஊருக்கு வழி கேட்கிறவர் மாதிரி. வந்தார். எனக்கு எதிரே கதிரையை இழுத்தார். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, முழங்காலை மடக்கி, மெல்ல மெல்லத் தன்னை இறக்கினார். முதுகு பிரம்பில் பட்டதும் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். நீண்ட மூச்சு. பஸ்ஸில் நான் விட்டதைவிட நீண்டது. அது முடியும்வரை நான் சோற்றில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால்கள் எத்தனை நாள் நொந்திருக்கும், நான் ஒருநாளாவது கேட்டேனா?

"என்ன பாக்கிறீர்?" என்றார் கண்ணைத் திறந்து.

"ஒண்டுமில்லை. சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."